இருபத்தொன்பது பேருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மேஜர் லீக் பேஸ்பால் அணிகளின் உரிமையாளர்கள்
பொருள்: ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் அணியின் 2024 சீசன், அந்த அணியின் பெயர்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே,

எட்டுப் பேர் போதும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. ஓர் அணி ஊர் மாற வேண்டுமென்றால் உங்கள் முப்பது பேரில் முக்கால்வாசி சம்மதிக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் 23 வாக்கு. எட்டுப் பேர் முடியாது என்றிருந்தால், ஓக்லாந்து அணியை லாஸ் வேகாஸுக்கு நகர்த்தும் தீர்மானம் அன்றைக்கே விழுந்திருக்கும். 2023 நவம்பர் 16, டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டன். முப்பது வாக்கும் ஆதரவு. எங்கள் ஊர்ப் பக்கம் பால் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில்கூட எதிர்த்து ஒரு ஆள் நிற்பான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே நிற்பான்.

முப்பதில் ஒன்று, அணியின் உரிமையாளர் ஜான் ஃபிஷருடைய வாக்கு. தன் அணியை நகர்த்தத் தானே வாக்களித்ததில் ஆச்சரியம் இல்லை. அவரை விட்டுவிடுகிறேன். என் பேச்சு மீதி இருபத்தொன்பது பேரிடம். உங்களில் சிலர் ஆட்கள்கூட இல்லை. டொராண்டோ அணி ஒரு தொலைத்தொடர்பு கம்பெனிக்குச் சொந்தம், அட்லாண்டா அணியின் பங்குகள் சந்தையில் விற்கின்றன. கம்பெனிக்கு மடல் எழுதினால் யார் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஏன் தமிழில் என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் உங்களுக்கு வந்த கடிதங்களுக்குக் குறைவில்லை, அவற்றால் ஒரு வாக்கும் மாறவில்லை. எனக்கோ கோபம் வந்தால் தமிழில்தான் வாக்கியம் ஒழுங்காக முடியும். நீங்கள் படிக்காவிட்டாலும், கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் ஆட்டமாகவே ஒப்புக்கொள்ளாத என் நண்பர்கள் நாலு பேராவது படிப்பார்கள். அவர்களுக்காக நடுநடுவே விளக்கம் வரும். பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

நான் இருப்பது ஃப்ரீமாண்டில். ஓக்லாந்துக்குத் தெற்கே, பார்ட் ரயிலில் அரை மணி நேரப் பயணம். 2007-இல் இங்கே வந்தபோது ஊரெல்லாம் ஒரே பேச்சு, ஏஸ் அணி இங்கே ஸ்டேடியம் கட்டப்போகிறது என்று. (அத்லெட்டிக்ஸை எல்லோரும் சுருக்கி ஏஸ் என்றுதான் சொல்வார்கள். தொப்பியில் இருப்பதும் அந்த ஓர் எழுத்துதான்.) 2006 நவம்பரில் அறிவிப்பு வந்திருந்தது. இடம் பசிபிக் காமன்ஸ் பக்கம், பெயர் சிஸ்கோ ஃபீல்ட் என்றெல்லாம் முடிவாகியிருந்தது. பிறகு வார்ம் ஸ்பிரிங்ஸ் பக்கம் கட்டலாமா என்றும் பேச்சு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. ஒரு சனிக்கிழமை காலையில் பக்கத்துக் குடியிருப்புக்காரர் ஒருவர் கையில் மனுவோடு கதவைத் தட்டினார். போக்குவரத்து நெரிசல், சத்தம், வீட்டு விலை என்று மூன்று காரணம் சொன்னார். வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதுவரை ஒரு பேஸ்பால் ஆட்டம்கூட நான் பார்த்ததில்லை. வாடகைக்குக் குடியிருந்த எனக்கு வீட்டு விலையைப் பற்றி என்ன கவலை என்று இப்போது தோன்றுகிறது. 2009 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

ஆகவே, யோசிக்காமல் கை தூக்குவது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். உங்களுக்கு எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான்.

ஃப்ரீமாண்ட் போனதும் சான் ஹோசே. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், நம் வாசகர்களுக்குச் சொல்கிறேன். 1990-ஐ ஒட்டி, ஓக்லாந்து அணியின் அன்றைய உரிமையாளரான ஹாஸ் குடும்பம், சான் ஹோசே இருக்கும் சாண்டா கிளாரா வட்டாரத்தின் உரிமையை எதிர்க்கரை சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. காசு வாங்கவில்லை. பக்கத்து அணி ஊரை விட்டுப் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஜயண்ட்ஸ் அங்கே எதையும் கட்டவில்லை. சான் பிரான்சிஸ்கோவிலேயே கடலோரமாக அழகான மைதானம் கட்டிக்கொண்டு 2000-இல் குடிபோனார்கள். பின்னாளில் ஏஸ் அணி அதே சான் ஹோசேவுக்குப் போகக் கேட்டபோது ஜயண்ட்ஸ் மறுத்தது. சான் ஹோசே நகரம் 2013-இல் உங்கள் அமைப்பின்மீதே வழக்குப் போட்டது. ஏகபோகத்தைத் தடுக்கும் போட்டிச் சட்டத்துக்கு பேஸ்பால் உட்பட்டதல்ல என்று 1922-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டி, மேல்முறையீடு வரை அந்த வழக்கு தோற்றது. தானமாகக் கொடுத்த வீட்டிலிருந்து ஒரு மூலையைத் திருப்பிக் கேட்டாலும் கிடையாது. எங்கள் ஊராக இருந்தால் குறைந்தபட்சம் ஒரு பஞ்சாயத்தாவது வைத்திருப்பார்கள். இங்கே பஞ்சாயத்துக்காரர்களே நீங்கள்தான்.

இனி ஏஸ் அணியின் மைதானம். கொலிசியம் அழகான இடம் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. 1966-இல் திறந்த கான்கிரீட் கிண்ணம். ஆரம்பத்தில் இருக்கையிலிருந்து பார்த்தால் கிழக்கே ஓக்லாந்து மலைகள் தெரியுமாம். லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்த ரைடர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி திரும்பி வந்ததைக் கொண்டாட, 1996-இல் அந்தப் பக்கம் ஒரு பெரிய இருக்கைச் சுவரை எழுப்பி மலையை மறைத்தார்கள். அந்தச் சுவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் மவுண்ட் டேவிஸ், ரைடர்ஸ் உரிமையாளரின் பெயரில் ஒரு மலை. ரைடர்ஸும் 2020-இல் லாஸ் வேகாஸுக்கே போய்விட்டது, சுவர் மட்டும் நிற்கிறது. 2013-இல் சாக்கடை பொங்கி வீரர்களின் அறைக்குள் வந்தது. தெருப் பூனைகள் குடித்தனம் நடத்தின. 2023-இல் வர்ணனையாளர் அறைக்குள் ஒரு போசம் குடிபுகுந்தது. (போசம் என்றால் பெருச்சாளிக்குத் தூரத்து உறவு போலத் தோன்றும் ஒரு பிராணி. உறவு ஒன்றும் இல்லை.)

ஆனால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கே இருந்தது. வெளிப்புற மைதானத்துக்குப் பின்னால், மலிவு டிக்கெட் பலகைகளில், முரசு வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் உட்காரும். அணி ஜெயித்தாலும் தோற்றாலும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை அடிப்பார்கள்.

என் அப்பா 2018-இல் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். ஏப்ரல் 17 அன்று, ஓக்லாந்தில் அணி முதல் ஆட்டம் ஆடி ஐம்பது ஆண்டு நிறைந்ததற்காக எல்லோருக்கும் அனுமதி இலவசம் என்று அறிவித்தார்கள். இலவசம் என்றதும் அப்பா மறுபேச்சில்லாமல் சட்டை மாற்றிக்கொண்டார். கூட்டம் 46,028. ஆட்டம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒருத்தனும் ஓடக் காணோமே?" என்று இரண்டாவது இன்னிங்ஸில் கேட்டார். (இங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.) நான் விளக்க ஆரம்பித்தேன், பாதியில் கையமர்த்திவிட்டார். மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து அவர் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. முரசுக்காரர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பச்சைச் சட்டைக்காரன் இருக்கானே, அவன் கையில தாளம் சுத்தமா நிக்குதுடா" என்றார். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம். தாளத்தைப் பற்றி அவர் சும்மா நல்ல வார்த்தை சொல்கிறவரல்ல.

அந்த ஆண்டு ஏஸ் 97 ஆட்டம் ஜெயித்தது. அடுத்த ஆண்டும் 97. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும், ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிய ஏறக்குறைய தினம் ஒரு ஆட்டம். 2019-இல் கொலிசியத்துக்கு வந்தவர்கள் பதினாறு லட்சத்துக்கும் மேல். சாக்கடையும் பூனையும் அப்போதும் இருந்தன.

பிறகு நடந்ததை நீங்கள் கணக்குப் பிள்ளைகளை வைத்துப் பார்த்திருப்பீர்கள். நான் என் மகளின் ஜெர்சிகளை வைத்துப் பார்த்தேன். அவளுடைய முதல் ஜெர்சியின் முதுகில் மாட் ஓல்சன் பெயர். 2021 சீசன் 86 வெற்றியோடு முடிந்தது. 2022 தொடங்குவதற்குள் ஓல்சன் அட்லாண்டாவுக்கும், மாட் சாப்மன் டொராண்டோவுக்கும், கிறிஸ் பாசிட் நியூயார்க்குக்கும், ஷான் மனாயா சான் டியேகோவுக்கும் போய்விட்டார்கள். சீசன் டிக்கெட் விலை மட்டும் ஏறியது. கடையில் இருந்த நல்ல சரக்கையெல்லாம் விற்றுவிட்டு, மிச்சத்துக்கு விலையை ஏற்றி, ஆள் வரவில்லையே என்று வாசலில் நின்று பார்த்தால் எப்படி வருவார்கள்? 2022-இல் 102 தோல்வி, பார்வையாளர்கள் 7,87,902. 2023-இல் 112 தோல்வி. ஓக்லாந்துக்கு பேஸ்பால் மேல் ஆசை இல்லை என்று நீங்கள் முடிவு கட்டியது இந்த எண்களை வைத்துத்தான்.

நகராட்சி யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்தை ஒட்டி ஹவர்ட் டெர்மினலில் ஸ்டேடியமும் வீடுகளும் ஹோட்டலும் சேர்த்து 1,200 கோடி டாலர் திட்டம் என்று வருஷக்கணக்கில் பேசினார்கள், இழுத்தார்கள். அணி ஒரு கையால் இங்கே பேரம் பேசிக்கொண்டே மறு கையால் நெவாடாவில் நிலம் பார்த்தது. 2023 ஏப்ரலில் வேகாஸ் நில ஒப்பந்தச் செய்தி வந்தது, அதோடு முடிந்தது.

ஜூன் 13, 2023. செவ்வாய்க்கிழமை ராத்திரி. வழக்கமாக ஐந்தாயிரம் பேர்கூட வராத நாள். ஆட்டத்துக்குப் போகாமல் புறக்கணிப்பதைத் திருப்பிப் போட்டு, எல்லோரும் வந்து நிரப்புவோம் என்று ரசிகர்களே கூப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான பச்சைச் சட்டைகளை அவர்களே அச்சடித்துக் கொடுத்தார்கள், மார்பில் 'விற்றுவிடு' என்று ஒரே சொல். 27,759 பேர் வந்தோம். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது முதல் மட்டையாளர் முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. முரசும் நின்றது. நான் அந்த மைதானத்தில் முரசு நின்று கேட்டது அன்றைக்கு மட்டும்தான். பிறகு ஒரே குரலாக, அணியை விற்றுவிடு என்ற கோஷம். டாம்பா பே அணியை 2-1 என்று ஜெயித்தோம். அது தொடர்ந்து ஏழாவது வெற்றி. அன்றைக்குத்தான் நெவாடா செனட்டும் வேகாஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் அரசுப் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது.

இரண்டு நாள் கழித்து உங்கள் கமிஷனர் ராப் மேன்ஃபிரெட், ஓர் இரவுக்காவது சராசரிக் கூட்டத்தை நெருங்கி வந்திருக்கிறார்களே, நல்லதுதான் என்ற தொனியில் பேசினார். கல்யாண வீட்டில் மொய் எழுதிய தொகையைச் சத்தம்போட்டுப் படித்துக் காட்டுகிற ஆள் ஞாபகம் வந்தது.

ஆர்லிங்டன் வாக்கெடுப்பு அதற்கு ஐந்து மாதம் பின்னால். ஊர் மாறுவதற்கான கட்டணத்தையும் தள்ளுபடி செய்தீர்கள். அப்படித்தான் 2024 சீசன் எங்களுக்கு வந்தது, சாவுத் தேதி குறித்துக் கொடுத்த பிறகு வந்த சீசனாக.

மார்ச் 28, முதல் ஆட்டம். உள்ளே கணக்குப்படி 13,522 பேர். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு திருவிழா. முரசு, பாட்டு, இறைச்சி சுடும் புகை. நானும் மகளும் வெளியேதான் நின்றோம். சத்தத்தை வைத்து உள்ளே நடப்பதை ஊகித்தோம். ஊகிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, கிளீவ்லாந்து 8-0 என்று அடித்துப் போட்டது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 4-இல், கொலிசியத்தின் குத்தகையை நீட்டிக்கும் பேச்சு முறிந்துவிட்டது, வேகாஸ் தயாராகும்வரை 2025 முதல் மேற்கு சாக்ரமெண்டோவில் ஆடுவோம் என்று அறிவித்தார்கள். பதினாலாயிரம் பேர் கொள்ளும் சின்ன மைதானம். மைனர் லீக் எனும் கீழ்நிலை லீகில் ஆடும் அணியினுடையது. அதன் உரிமையாளர் விவேக் ரணதிவே, மும்பையில் பிறந்தவர். எங்கள் அலுவலக இந்தியர்கள் இரண்டு நாள் இதைப் பெருமையோடு பேசினார்கள். நான் மதியச் சாப்பாட்டை என் மேசையிலேயே சாப்பிட்டேன்.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. அணி நன்றாக ஆட ஆரம்பித்தது.

உடனே அல்ல. மே 4-இல் மயாமியை 20-4 என்று நொறுக்கிவிட்டு அதற்கப்புறம் மறுபடி தோற்றார்கள். லாரன்ஸ் பட்லர் என்ற பையன் ஆரம்பத்தில் திணறி மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டான். ஜூனில் திரும்பி வந்தான், ஆனால் வேறு ஆளாக வந்தான். ஜூலை 14-இல் பிலடெல்பியாவில் 18-3. எட்டு ஹோம் ரன், அதில் பட்லருடையது மூன்று. ஹோம் ரன் என்றால் சிக்ஸர் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நாள் முழுக்க நான்கைந்து முறைதான் மட்டை பிடிக்கக் கிடைக்கும், அதில் மூன்று என்பதை நினைத்துப் பாருங்கள். 1901-இல் இந்த அணி பிறந்த ஊரே பிலடெல்பியாதான். பிறந்த வீட்டுக்குப் போய் இப்படி ஆடியதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, அடுத்த நாள் ஓய்வு என்பதால் செய்தித்தாள்களும் வேறு பக்கம் திரும்பிவிட்டன.

பிரெண்ட் ரூக்கர் அந்த ஆண்டு 39 ஹோம் ரன் அடித்தார், 112 ரன் உள்ளே கொண்டுவந்தார். எட்டு இன்னிங்ஸ் முடிந்து ஓரிரு ரன் முன்னிலை இருந்தால் மேசன் மில்லர் வருவார். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் எறிவது அவருக்குச் சாதாரணம். எதிர் மட்டையாளர்கள் தோளை ஒரு முறை குலுக்கிவிட்டு நடந்து போவதைப் பார்ப்பதில் குரூரமான சந்தோஷம் உண்டு. சீசன் நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளைக்குப் பிறகு 32 வெற்றி, 32 தோல்வி. சரிசமம். இதில் பெருமைப்பட என்ன என்றால், இதற்கு முந்தைய ஆண்டின் 112 தோல்வியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நடுவே ஆகஸ்ட் 6-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸிடம் தோற்றதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்று வந்திருந்தார்கள். அந்தத் தோல்வித் தொடரை முடித்து வைத்த புண்ணியம் எங்களுக்கே.

கடைசிக் கணக்கு 69 வெற்றி, 93 தோல்வி. பார்வையாளர்கள் 9,22,286. முப்பது அணிகளில் கடைசி. ஆனாலும் 2022-ஐவிடக் கூட, 2023-ஐவிடவும் கூட. போகப்போகிற அணியை வழியனுப்ப வந்த கூட்டம் அது. இதையும் உங்கள் கணக்குப் பிள்ளைகள் எங்காவது குறித்துவைத்திருக்கட்டும்.

செப்டம்பர் 26, வியாழக்கிழமை, கொலிசியத்தில் கடைசி ஆட்டம். பகல் ஆட்டம். மகளின் பள்ளிக்கு உடம்பு சரியில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பொய்தான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. ஃப்ரீமாண்டில் ஏறியபோதே பெட்டியில் பாதி பச்சை. யூனியன் சிட்டி, ஹேவர்ட், பே ஃபேர், சான் லியாண்ட்ரோ என்று ஒவ்வொரு நிலையத்திலும் பச்சையும் மஞ்சளுமாக ஏறிக்கொண்டே இருந்தார்கள். கொலிசியம் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் நடைபாலம் இரண்டு பக்கமும் கம்பி வலை போட்ட, சிறைச்சாலை வராந்தா மாதிரியான இடம். அதில்தான் பன்றி இறைச்சி சுற்றிய ஹாட் டாக் விற்பார்கள். அன்றைக்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள், மைதானம் மூடினால் எங்கே போவீர்கள் என்று மகள் ஸ்பானிஷில் கேட்டதற்கு, மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொரு ஹாட் டாக்கை அவள் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

46,889 பேர். ஓக்லாந்து மண்ணிலேயே வளர்ந்த பழைய வீரர்கள் ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டுவர்ட்டும் சம்பிரதாயமாக முதல் பந்தை எறிந்தார்கள். ரிக்கி யார் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் எதிரணி அசந்த நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிவிடலாம், அதைத் திருட்டு என்பார்கள். வாழ்நாளில் 1,406 திருட்டு. இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு ஆயிரம்கூட இல்லை. மைதானத்தின் புல்தரைக்கே அவர் பெயர்தான். அந்த வியாழக்கிழமை கையசைத்துச் சிரித்தபடி போன மனிதர், மூன்று மாதம் முடிவதற்குள், டிசம்பர் 20-இல் 65 வயதில் இறந்துபோனார்.

ஆட்டம் 3-2. டெக்சாஸின் அடோலிஸ் கார்சியா அடித்த பந்து தரையில் உருண்டு மூன்றாம் தளத்தில் நின்ற மாக்ஸ் ஷூமனிடம் போனது. அவர் எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார். அவ்வளவுதான், 57 ஆண்டு முடிந்தது. மேனேஜர் மார்க் காட்சே ஒலிவாங்கியை எடுத்து நன்றி சொன்னார். ஒரு காலத்தில் இதே அணிக்கு ஆடியவர். கடைசியாக ஒரு முறை ஓக்லாந்து கோஷத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். நாற்பத்தாறாயிரம் பேர் திருப்பிச் சொன்னோம். ஒருவரும் எழுந்து போகவில்லை. மைதானப் பராமரிப்பு ஆட்கள் செம்மண்ணைக் கோப்பைகளில் அள்ளி வேலிக்கு இந்தப் பக்கம் நீட்டினார்கள். எங்களுக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. மகள் அதை வீட்டு வரவேற்பறை அலமாரியில் வைத்திருக்கிறாள். ஊரிலிருந்து வருகிறவர்கள் விபூதி என்று நினைத்து இரண்டு முறை கை வைத்துவிட்டார்கள்.

அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மேளக்காரங்க இனிமே எங்கடா போவாங்க?" என்று கேட்டார். 2018-இல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டத்தோடு சூப்பர் கிங்ஸ் புனேவுக்கு மாறியதும், ரசிகர்களுக்காக ரயில் விட்டதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. "ரயில் விடுவாங்களா?" என்றார். இல்லை அப்பா, இது திரும்பி வராத மாற்றம் என்றேன்.

அந்த வாரமே ஃபிஷரும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். முயற்சி செய்தோம், முடியவில்லை, வருந்துகிறேன் என்று. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் டிசம்பரில் வந்தது. ஓக்லாந்தை விட்டுக் கிளம்பிய சூட்டோடு சூடாக, லூயிஸ் செவெரினோ என்ற பிட்சருக்கு (பந்து எறிபவர்) மூன்று ஆண்டுக்கு 6.7 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்த அணி வரலாற்றில் அதுவரை அதுவே பெரிய ஒப்பந்தம். ஜனவரியில் ரூக்கருக்கு 6 கோடி. மார்ச்சில் பட்லருக்கு ஆறரைக் கோடி. மற்ற அணிகள் தரும் வருவாய்ப் பகிர்வுப் பணத்தைச் சம்பளத்தில் காட்டியாக வேண்டிய நெருக்கடி என்று பத்திரிகைகள் எழுதின. காரணம் எதுவோ இருக்கட்டும். பணம் இருந்திருக்கிறது, அல்லது வேண்டுமென்றால் புரட்ட முடிந்திருக்கிறது. பகிர்வுப் பணம் உங்கள் பையிலிருந்தும் போவதுதான். ஆர்லிங்டனில் ஒருவராவது இதைக் கேட்டிருக்கலாமே?

என் கோரிக்கைக்கு வருகிறேன்.

அணியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. 2025 ஜூனில் வேகாஸில் பூமி பூஜை முடிந்துவிட்டது, 2028-இல் திறப்பதாகத் திட்டம். நான் கேட்பது பெயர். இந்த அணி இப்போது சாக்ரமெண்டோவில் ஊர்ப் பெயரே இல்லாமல் வெறும் அத்லெட்டிக்ஸ் என்று ஆடுகிறது. இனிஷியல் இல்லாத பையன் மாதிரி. வேகாஸ் போனதும் அந்த ஊருக்குப் பொருத்தமாக வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும். பெயரையும் பச்சை-மஞ்சளையும் 1968 முதல் 2024 வரையான பதிவேடுகளையும், 1972, 73, 74, 89 கோப்பைகளையும் ஓக்லாந்தின் பெயரில் எழுதிவைத்துவிடுங்கள்.

இதற்கு முன்னுதாரணம் இல்லை என்று உங்கள் வக்கீல்கள் சொன்னால் நம்பாதீர்கள். 1996-இல் கிளீவ்லாந்தின் கால்பந்து அணி பால்டிமோருக்குப் போனது. பிரவுன்ஸ் என்ற பெயரும் நிறமும் வரலாறும் கிளீவ்லாந்திலேயே நின்றன, 1999-இல் அதே பெயரில் புது அணி வந்தது. ஏஸ் அணி 2024-இல் தன் கடைசி மூன்று ஆட்டங்களை ஆடிய சியாட்டிலில் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து 2008-இல் ஓக்லஹோமா போன கூடைப்பந்து அணி சோனிக்ஸ் என்ற பெயரை விட்டுவிட்டுத்தான் போனது.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். பெயர் ஓக்லாந்தில் பிறந்ததல்ல. பிலடெல்பியாவில் 54 ஆண்டு, ஐந்து கோப்பை. பிறகு கன்சாஸ் சிட்டியில் 13 ஆண்டு. சட்டைக் கையில் இருக்கும் யானைகூட பிலடெல்பியாவினுடையது. 1902-இல் நியூயார்க் மேனேஜர் ஜான் மெக்ரா இந்த அணியை வெள்ளை யானை என்று கேலி செய்ய, அணிக்காரர்கள் அதையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். ஆகவே பிலடெல்பியாக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அவர்களிடம் அப்போது யாரும் கேட்கவில்லை என்பதற்காக எங்களிடமும் கேட்க வேண்டாம் என்றாகுமா? வேண்டுமானால் யானையை வேகாஸே எடுத்துக்கொள்ளட்டும். 38 கோடி அரசுப் பணத்தோடு அது நன்றாகப் பொருந்தும்.

இரண்டாவது, உங்கள் அமைப்பு முப்பதிலிருந்து முப்பத்திரண்டு அணியாக விரியப்போகிறது. தான் 2029 ஜனவரியில் ஓய்வு பெறுவதற்குள் அந்த இரண்டு ஊர்களையும் முடிவு செய்ய விரும்புவதாக மேன்ஃபிரெட் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது ஓக்லாந்து என்ற பெயரை யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்லுங்கள். கிடைக்காமல் போகலாம். கூடைப்பந்து அணியான வார்ரியர்ஸ் 2019, ரைடர்ஸ் 2020, ஏஸ் 2024 என்று ஐந்து ஆண்டில் மூன்று அணி போன ஊருக்கு எந்தப் பணக்காரர் வருவார் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். கேட்டு, அது கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும்.

மேற்கு ஓக்லாந்தில் ரைமண்டி பார்க் என்று ஒரு நகராட்சிப் பூங்கா இருக்கிறது. ஏஸ் போகிறது என்று ஆன பிறகு அங்கே பாலர்ஸ் என்ற சின்ன அணியைத் தொடங்கினார்கள், ரசிகர்களே பங்கு வாங்கலாம். 2024-இல் பயனியர் லீகில் ஆட ஆரம்பித்து 2025-இல் கோப்பையையும் வாங்கிவிட்டார்கள். போன ஆகஸ்டில் போயிருந்தேன். பலகை பெஞ்சு, நான்காயிரம் பேர் உட்காரலாம். பாதிப் பேர் தலையில் இன்னும் பழைய ஏ தொப்பி. முரசும் இருந்தது. அப்பாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். பச்சைச் சட்டைக்காரரைக் காணோமே என்று பதில் வந்தது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களில் யாராவது பதில் எழுதுவதாக இருந்தால் ஆங்கிலத்திலேயே எழுதலாம். படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
2008-இல் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்ட ஃப்ரீமாண்ட்வாசி